ஜன்னலும் அறையும் ஒரே படத்தில்: எக்ஸ்போஷர்களைக் கையால் கலப்பது

வெயிலடிக்கும் ஜன்னலும் இருட்டான அறையும் ஒரே ஃப்ரேமில் வந்தால் கேமராவால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். வெவ்வேறு எக்ஸ்போஷரில், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில், எடுத்த படங்களைத் தானாகக் கலக்கும் எச்.டி.ஆர் பட்டனைத் தட்டினால் போதுமே என்பார்கள். நான் இன்னமும் கையால்தான் கலக்கிறேன். எங்கே எவ்வளவு வெளிச்சம் என்பது படம் எடுத்தவர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் இணைத்து பிரிண்ட் போட்டிருக்கிறார்.

ஒரே காட்சியை நடுப்படம், இருண்ட படம், வெளிச்சப் படம் என்று மூன்றாக எடுக்க வேண்டும். எடுக்கும்போது ட்ரைபாட், ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூல ஃபைல்), மேனுவல் ஃபோகஸ். அபர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவு) தொடாதீர்கள், அது மாறினால் ஃபோகஸின் ஆழமும் மாறி, ஓரங்கள் பொருந்தாமல் போகும். ஷட்டர் வேகம் மட்டும் மாறட்டும். எஃப்/8, ஐ.எஸ்.ஓ 100, நடுப்படம் 1/15 நொடி என்றால், இருண்ட படம் 1/60, வெளிச்சப் படம் 1/4. போதுமா என்பதை, இடதில் இருட்டு, வலதில் வெளிச்சம் என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் சொல்லும்: இருண்ட படத்தில் மேடு வலது ஓரத்தை முட்டக்கூடாது, வெளிச்சப் படத்தில் இடது ஓரத்தை. வெளியே வெயில் கொளுத்தினால் 1/250இல் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரா ஃபைல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) வையுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஃபைல் மெனு, ஸ்கிரிப்ட்ஸ், 'லோட் ஃபைல்ஸ் இன்டு ஸ்டாக்'. அங்கேயே அலைன் செய்யும் பெட்டியையும் டிக் செய்துவிடுங்கள். நடுப்படம் அடியில், இருண்ட படம் அதன் மேல், வெளிச்சப் படம் உச்சியில்.

மேலே உள்ள இரண்டு லேயர்களுக்கும், ஆல்ட் அழுத்தியபடி மாஸ்க் ஐகானைத் தட்டி, கருப்பு மாஸ்க் போடுங்கள். மாஸ்க்கில் கருப்பு அந்த லேயரை மறைக்கும், வெள்ளை காட்டும். இப்போது நடுப்படம் மட்டுமே தெரியும். சேனல்ஸ் பேனலில் ஆர்.ஜி.பி சிறுபடத்தை கன்ட்ரோல் அழுத்தித் தட்டினால் வெளிச்சமான பகுதிகள் செலக்ட் ஆகும். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறுபடி தட்டினால் இன்னும் வெளிச்சமான பகுதிகளாகச் சுருங்கும். அந்த செலக்‌ஷனை வைத்துக்கொண்டே, இருண்ட லேயரின் மாஸ்க்கில் மென்மையான வெள்ளை பிரஷால், ஃப்ளோ (ஒரு தடவலில் படியும் அளவு) 10% வைத்து, ஜன்னல் மேல் மெதுவாகத் தடவுங்கள். எல்லையைப் படத்தின் வெளிச்சமே வகுப்பதால் கம்பியும் இலையும் தாமாகப் பொருந்திவிடும்.

சிரமமெல்லாம் ஜன்னல் சட்டத்தில்தான். நடுப்படத்தில் வெளிவெளிச்சம் கசிந்து சட்டத்தின் உள்விளிம்பு வெளுத்திருக்கும். இருண்ட படத்தில் அதே சட்டம் கன்னங்கரேல் என்று இருக்கும். மாஸ்க் கண்ணாடியோடு நின்றால் வெள்ளைக் கோடு, சட்டத்தின் மேல் முழுதாக ஏறினால் கருப்புக் கோடு. 200% ஜூமில், செலக்‌ஷனை எடுத்துவிட்டு, சின்ன பிரஷால் அந்த விளிம்பில் மட்டும் இருண்ட படத்தைப் பாதியளவு கொண்டுவாருங்கள். இங்கே அவசரப்படவே கூடாது.

அடுத்தது ஒப்பாசிட்டி, அதாவது லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பது. கலந்த படங்கள் போலியாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், ஜன்னலுக்கு வெளியே உள்ளது உள்சுவரைவிட இருட்டாகிப் போவதுதான். கண் இதை உடனே கண்டுபிடித்துவிடும். இருண்ட லேயரை 60, 70 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். உச்சியில் தற்காலிகமாக ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டால் எது அதிக வெளிச்சம் என்பது பளிச்சென்று தெரியும். வெளியே இருப்பது எப்போதும் ஒரு படி மேலேயே நிற்கட்டும்.

நிழலுக்கு வெளிச்சப் படத்தையும் இதே வழியில், செலக்‌ஷனை கன்ட்ரோல், ஷிஃப்ட், ஐ அழுத்தித் திருப்பிப்போட்டு, இன்னும் குறைந்த ஃப்ளோவில் தடவுங்கள். மேஜைக்கு அடியில் உள்ள இருட்டை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். அது போனால் மேஜை தரையில் நிற்காமல் மிதக்கும்.

ஆடும் திரைச்சீலையையும் இலைகளையும் ஏதாவது ஒரே படத்திலிருந்து முழுதாக எடுங்கள். இரண்டு படங்கள் கலந்தால் ஆவி போல இரட்டை உருவம் வரும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் குறுக்குவழி உண்டு. நடுப்படத்தை இருண்ட படத்தின் மேல் வைத்து, மாஸ்க் சேர்க்கும்போது லேயரின் கிரேஸ்கேல் காப்பியைத் தேர்ந்து, இன்வர்ட் மாஸ்க்கை டிக் செய்யுங்கள். வெளிச்சமான இடங்கள் விலகி அடிப்படம் தெரியும். மாஸ்க்கைக் கொஞ்சம் பிளர் செய்தால் கலவை இன்னும் இயல்பாக இருக்கும்.

ஷார்ப்பனிங்கைக் கலந்து முடித்த பிறகு, எல்லாம் சேர்ந்த புது லேயரில் மட்டும் செய்யுங்கள். முன்பே செய்தால் ஒவ்வொரு படத்திலும் விளிம்பு தனித்தனியாகத் தடித்து, பாடுபட்டுச் சரிசெய்த சட்டத்தின் ஓரத்தில் மறுபடி கோடு எழும்பும்.