தமிழ் நாக்குக்கு ஸ்காட்லாந்து ஆங்கிலம்: புதிய குரல் கலைஞர்களுக்கு

ஆங்கில ஒலிப்புத்தகமோ வீடியோ கேமோ, வேற்று நாட்டு உச்சரிப்பு வேண்டும் என்றால் நம்மவர்கள் முதலில் ஓடுவது லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோதான். புதிதாகக் குரல் கொடுக்க வருகிறவர்களை நான் ஸ்காட்லாந்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அதற்கு வேண்டிய ஒலிகளில் பல நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன.

1. ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள்

எடின்பரோவில் வளர்ந்த ஆசிரியர் பேசுவது ஒரு மாதிரி, கிளாஸ்கோ லாரி ஓட்டுநர் பேசுவது வேறு மாதிரி. என் முதல் ஸ்காட்லாந்துப் பாத்திரத்தை நான் எங்கெங்கோ கேட்ட நினைவை வைத்தே பேசினேன். ஒரே வாக்கியத்தில் மூன்று ஊர்கள் கலந்துவிட்டன. அந்த அத்தியாயம் முழுவதையும் மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

அதனால் பாத்திரத்தின் வயதுக்கும் ஊருக்கும் பொருந்துகிற ஒருவரின் பதிவைத் தேடி எடுங்கள். 1998இல் தொடங்கிய, ஆங்கில உச்சரிப்புகளுக்கான ஐடியா (IDEA) என்ற இணையக் காப்பகத்தில் ஊர்வாரியாகக் குரல்கள் கிடைக்கும், இலவசம்தான். அதில் பலர் ஒரு பத்தியை வாசித்துவிட்டு, அப்புறம் தங்கள் கதையைச் சொல்வார்கள். அந்தக் கதைப் பகுதியைத்தான் அதிகம் கேளுங்கள், வாசிக்கும்போது யாருமே கொஞ்சம் விறைப்பாகிவிடுவார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்புக் காப்பகத்தில் எல்லாரும் ஒரே 69 சொல் பத்தியை வாசிக்கிறார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அதில் உண்டு. ஒரு தமிழரையும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். எதை மாற்ற வேண்டும் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

2. கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

கண்ணாடி முன் நின்று 'ஓடு' என்று சொல்லி, அந்த ஓகாரத்தை இழுங்கள். உதடு அசையாது. லண்டன்காரர் மேலங்கியைக் குறிக்கும் 'கோட்' என்னும்போது வாய் தளர்வாகத் தொடங்கி உதடு குவிந்துகொண்டே போகும். ஸ்காட்லாந்துக்காரரின் ஓகாரம் நம்முடையதைப் போலவே அசையாமல் நிற்கும். 'ஃபேஸ்' என்பதிலுள்ள ஏகாரமும் அப்படித்தான். லண்டனில் 'கார்' என்ற சொல்லின் கடைசி ரகரம் விழுந்துவிடும், ஸ்காட்லாந்தில் விழாது. பலரிடம் அது நம் 'ர்' போலவே நாக்கை ஒருமுறை தட்டி வரும். இங்கிலீஷ் மீடியத்தில் கஷ்டப்பட்டு மறைத்த அந்த ரகரத்தை இங்கே தாராளமாக விடலாம்.

3. மாற்ற வேண்டியவை

இங்கேதான் நேரம் பிடிக்கும். முதலில் டகரம். நாம் நாக்கை மடித்து மேலே தொடுகிறோம், அவர்கள் மேல்பல்லுக்குப் பின்னாலுள்ள மேட்டில் நாக்கு நுனியை வைக்கிறார்கள். அந்த இடம் தமிழிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் 'காற்று' என்று சொல்வதைக் கேளுங்கள், அந்த 'ற்ற'தான் அது. அவர்கள் டொராண்டோவை 'ரொறன்ரோ' என்று எழுதுவதும் இந்த ஒலியைப் பிடிப்பதற்குத்தான். 'ற்ற'வைப் பத்து முறை சொல்லிவிட்டு, அதே இடத்திலேயே 'டைம்' சொல்லிப் பாருங்கள்.

லகரத்தில் நாக்கின் பின்பகுதி மேலே எழும்ப வேண்டும். நம் 'லட்டு' லகரம் இங்கே மெலிசாகக் கேட்கும்.

அடுத்தது குறில் நெடில். தமிழில் 'கல்', 'கால்' என்று நீளமே பொருளை மாற்றும். ஸ்காட்லாந்தில் பல உயிரொலிகளின் நீளத்தை அடுத்து வரும் ஒலியும் சொல்லின் அமைப்பும் தீர்மானிக்கின்றன. பேராசையைக் குறிக்கும் 'கிரீட்' என்ற சொல்லில் ஈகாரம் குறுகும். 'ஒப்புக்கொண்டார்' என்ற பொருளில் வரும் 'அக்ரீட்'டில் அது நீளும், ஏனென்றால் அது 'அக்ரீ' என்ற சொல்லோடு விகுதி ஒட்டி வந்தது. இந்த இரண்டையும் ஜோடியாக ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருங்கள். குளத்துக்கான 'பூல்', இழுப்பதற்கான 'புல்' இரண்டும் பெரும்பாலோர் வாயில் ஒன்றேதான்: உதடு குவிந்திருக்க, நாக்கு முன்னால் வரும்.

ஏரியைக் குறிக்கும் 'லொக்' என்பதன் கடைசி ஒலியைக் ககரமாக வெட்டாதீர்கள், தொண்டைப் பக்கம் மூச்சு உரச வேண்டும்.

கிளாஸ்கோ பேச்சில் 'வாட்டர்' என்பதன் நடு டகரம் பலரிடம் மறைந்து, தொண்டையில் ஓர் அடைப்பாக மாறும். கனமான பெட்டியைத் தூக்கும்போது தொண்டை சட்டென்று அடைத்துக்கொள்ளுமே, அதேதான். நீங்கள் பிடித்த ஆள் செய்தால் மட்டும் செய்யுங்கள். இதை எல்லா இடத்திலும் போட்டால் நையாண்டியாகிவிடும், அந்த ஊர்க்காரர் கேட்டால் மனம் புண்படும்.

4. பதிவு செய்து, நடித்துப் பாருங்கள்

நீங்கள் பிடித்த ஆளின் ஒரு வாக்கியம், உடனே உங்கள் குரலில் அதே வாக்கியம் என்று ஆடாசிட்டி போன்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும். சரியாக வந்ததும் அதையே கோபத்தில், களைப்பில், கிசுகிசுப்பில் சொல்லுங்கள். உணர்ச்சி ஏறும்போதுதான் பழைய டகரம் திரும்பி வரும்.

உங்களை அந்த உச்சரிப்புக்குள் கொண்டுபோகிற ஒரு வாக்கியத்தை எழுதி மைக் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் முன் சொல்லுங்கள். அப்புறம், நாலு நாள் கழித்து இரண்டு வரித் திருத்தத்துக்கு ஸ்டூடியோ கூப்பிடும். போனதும் பழைய பதிவை ஹெட்போனில் ஒரு நிமிஷம் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதன் பிறகு வாயைத் திறங்கள்.