ஆக்சஸில் ‘எஸ்’ அழுத்துவதற்கு முன்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு கஸ்டமரின் ரெக்கார்டை, அதாவது அவருக்கான வரியை, அழிக்கப் போனான். அழிக்கட்டுமா என்று கேட்கும் மெசேஜ் வந்த வேகத்திலேயே அவன் விரல் ‘எஸ்’ பக்கம் நகர்ந்தது. நல்லவேளை, பக்கத்தில் இருந்தேன். சில வருடங்களுக்கு முன் என் விரலும் அப்படித்தான் நகர்ந்தது. அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. பேக்கப் எடுங்கள் என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நான் சொல்ல வருவது வேறு: அழிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்.

‘1 ரெக்கார்டு’ என்றால் ஒன்றுதான் என்று நம்புவது

கஸ்டமர் டேபிளையும் பில் டேபிளையும் ரிலேஷன்ஷிப்பில் இணைக்கும்போது, ‘கேஸ்கேட் டிலீட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால், கஸ்டமரை அழிக்கும்போது அவர் பெயரில் உள்ள பில்களும் கூடவே போகும். பில்லுக்கும் அதன் ஐட்டம் வரிகளுக்கும் நடுவே அதே டிக் இருந்தால் அவையும் போகும். அப்போது வரும் மெசேஜ், இந்த டேபிளிலும் தொடர்புடைய டேபிள்களிலும் 1 ரெக்கார்டு அழியப் போகிறது என்று சொல்லும். அந்த 1 நீங்கள் தேர்ந்தெடுத்த வரி மட்டும். பின்னால் போகும் பில்கள் அந்தக் கணக்கில் வராது.

ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஒரே கஸ்டமர் இரண்டு முறை பதிவாகியிருந்தார். ஒன்றை அழித்தேன். 1 என்றுதானே சொல்கிறது என்று ‘எஸ்’ கொடுத்தேன். மாதக் கடைசியில் நிலுவைத் தொகை குறைந்து நின்றபோதுதான் அவருடைய பில்கள் அத்தனையும் போனது தெரிந்தது. பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்ற இரண்டு இரவுகள் ஆயின.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது அந்த டிக் விழுந்த காரணம். அது இல்லாதபோது, ‘தொடர்புடைய ரெக்கார்டுகள் இருப்பதால் அழிக்க முடியாது’ என்று ஆக்சஸ் மறுக்கும். அதுதான் நமக்குக் காவல். அந்த மறுப்பைத் தொல்லை என்று நினைத்து, அது வராமலிருக்கவே டிக் போடுகிறோம். நானும் அப்படித்தான் போட்டேன்.

மெசேஜில் ‘கேஸ்கேடிங்’ என்ற சொல்லைப் பார்த்தால் ‘நோ’ கொடுங்கள். அப்புறம் அந்தக் கஸ்டமருக்கு எத்தனை பில் என்று ஒரு குவெரி (டேபிளில் தேடிப் பார்க்கும் கட்டளை) போட்டு எண்ணுங்கள். கணக்குச் சம்பந்தப்பட்ட டேபிள்களில் அந்த டிக்கை எடுத்துவிடுவதே சரி. பழைய கஸ்டமர் வேண்டாமென்றால் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று ஒரு எஸ்/நோ ஃபீல்டு போதும்.

வரி மறைந்ததும் கதை முடிந்தது என்று நினைப்பது

திரையில் வரி முதலில் மறையும். கேள்வி அதற்குப் பிறகே வரும். ‘நோ’ கொடுத்தால் வரி திரும்பி வந்துவிடும். ‘எஸ்’ கொடுத்தபின் கன்ட்ரோல் இசட் உதவாது.

செட்வார்னிங்ஸை அணைத்துவிட்டு மறப்பது

செட்வார்னிங்ஸ் என்பது இந்த மெசேஜ்களை நிறுத்தவும் திரும்ப வரவைக்கவும் புரோகிராமில் எழுதும் கட்டளை. புரோகிராம் நடுவில் பிழையாகி நின்றால், திரும்ப ஆன் செய்யும் வரி ஓடாது. ஆக்சஸை மூடும்வரை எந்தக் கேள்வியும் இல்லாமல் எல்லாம் அழியும். பிழை வரும் பாதையிலும் அந்த வரியை எழுதி வையுங்கள்.

‘லாக் வயலேஷன்’ வந்தும் தொடர்வது

சில வரிகள் வேறு இடத்தில் பயன்பாட்டில் இருந்து பூட்டியிருக்கின்றன என்று பொருள். தொடர்ந்தால் சில வரிகள் போகும், சில நிற்கும். ‘நோ’ கொடுங்கள்.

ஆட்டோநம்பரில் (ஆக்சஸ் தானாகப் போடும் வரிசை எண்ணில்) விழுந்த இடைவெளியை நிரப்பப் பார்ப்பது

வேண்டாம்.