படிவம் 6: உதவப் போகிறவர்கள் செய்கிற தவறுகள்

பெங்களூர் அல்சூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றுத்திறனாளிகளுக்காக வாக்காளர் பதிவு முகாம் வைத்தோம். வாடகை இல்லாமல் கிடைத்தது என்று ஒரு சங்கத்தின் முதல் மாடியைப் பிடித்திருந்தோம். லிஃப்ட் கிடையாது. மூன்று சக்கர வண்டியில் வந்த அண்ணன் ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, "முகாம் யாருக்குப்பா?" என்றார். மேசையைக் கீழே இறக்கி, எதிரே இருந்த டீக்கடை நிழலில் போட்டு எழுதினோம். அந்தத் தவறு கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த முறை திருத்திக்கொண்டோம். வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கக் கொடுக்கும் படிவம் 6-க்குள் செய்கிற தவறு அப்படி இல்லை. ஓட்டுப் போடப் போகிற அன்று, பட்டியலில் பெயர் இல்லை என்கிறபோதுதான் தெரியும்.

போன் நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் நிரப்பும்போது, உதவிக்கு வந்த தம்பி அவசரத்தில் தன் நம்பரைப் போட்டுவிடுவார். ஓடிபி உடனே வரும், வேலை முடியும். அப்புறம் அந்த விண்ணப்பம் பற்றி வருகிற ஒவ்வொரு செய்தியும் அவர் போனுக்குத்தான் போகும். படிவத்தில் விண்ணப்பதாரரின் நம்பரையோ, அப்பா, அம்மா, வேறு உறவினர் நம்பரையோ தரலாம். தன்னார்வலர் நம்பருக்கு அங்கே வேலையில்லை.

இதற்கு நேர்மாறான தவறையும் செய்திருக்கிறோம். காது கேளாத ஒரு தங்கைக்கு அவருடைய நம்பரையே போட்டோம், அதுதான் மரியாதை என்று நினைத்து. சரிபார்க்க வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர், பி.எல்.ஓ. என்பார்களே, அவர் சந்து தெரியாமல் தெருமுனையில் நின்று மூன்று முறை போன் அடித்திருக்கிறார். போன் கையில் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, இவர் என்ன செய்வார்? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இப்போதெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டில் பேசக்கூடிய ஒருவரின் நம்பரைத் தருகிறோம். வாக்காளர் உதவி எண் 1950-க்குப் போன் செய்து பி.எல்.ஓ. யார் என்று கேட்டு, "மெசேஜ் மட்டும் அனுப்புங்கள்" என்று முன்கூட்டியே சொல்லியும் வைக்கிறோம்.

பெயர் விஷயம் பெங்களூர்த் தமிழர்களுக்கே உரிய தலைவலி. ஆங்கிலத்தில் அடித்தால் கன்னடத்தில் தானாகவே எழுத்து விழும். 'ழ' ஹளகன்னடம் என்கிற பழைய கன்னடத்தில் இருந்தது, இன்றைய கன்னடத்தில் புழக்கத்தில் இல்லை. ஆகவே 'இசட் எச்' போட்டு எழுதுகிற கனிமொழியும் யாழினியும் கன்னடத்தில் என்னவாக மாறுவார்கள் என்று சொல்ல முடியாது. பார்வை உள்ளவர் திரையைப் பார்த்துத் திருத்திவிடுவார். பார்வையற்றவருக்கு யாராவது எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்ட வேண்டும். "எல்லாம் சரியா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்குவது உதவி இல்லை.

மாற்றுத்திறன் பற்றிய கட்டத்தைப் பலர் காலியாக விடுகிறார்கள். "பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கா, இதெல்லாம் எதுக்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். ஓட்டர் ஐடியில் அது அச்சாவதில்லை என்று சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும். எந்த வாக்குச்சாவடியில் யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று திட்டமிடுவது இந்தப் பதிவை வைத்துத்தான். அந்தக் கட்டத்தை நிரப்பச் சான்றிதழ் கட்டாயமில்லை. சான்றிதழ் இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்புவதுதான் தவறு. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் திருத்தங்களுக்கான படிவம் 8 கொடுத்தோ, தேர்தல் ஆணையத்தின் சக்ஷம் ஆப் வழியாகவோ குறிக்கச் சொல்லலாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இன்னொரு இடத்தில். விவேக்நகரிலிருந்து வந்த ஒரு அம்மா தன் படிவத்தை மட்டும் கேட்டார். பக்கத்தில் இருபத்திரண்டு வயது மகன், டவுன் சிண்ட்ரோம். "அவனுக்கு எதுக்குப்பா, டாக்டர் சர்டிபிகேட்டுலயே எழுதியிருக்கு" என்றார். எங்கள் முகாமில் உதவிக்கு இருந்த பையன் ஒருவனும் தலையாட்டினான். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 16 சொல்வது வேறு. மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருந்தால்தான் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. டாக்டர் சான்றிதழில் எத்தனை சதவீதம் போட்டிருந்தாலும் அது நீதிமன்ற அறிவிப்பு ஆகாது. அந்தப் பையனுக்கும் ஒரு படிவம் கொடுத்தோம். நாக்கைக் கடித்துக்கொண்டு நான்கு நிமிடம் கையெழுத்துப் போட்டான். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று. அதனால் ஒன்றுமில்லை, கையெழுத்து வராதவர்களிடம் கைரேகையே வாங்குகிறார்கள்.

வேலூரிலோ கிருஷ்ணகிரியிலோ பெயரை வைத்துக்கொண்டு இங்கே புதிதாகப் படிவம் 6 போடுவது இன்னொரு தவறு. இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கக் கூடாது. படிவத்தில் தரும் பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குடிமாற்றத்துக்குப் படிவம் 8 போதும். தேதியையும் கவனியுங்கள்: வேட்புமனுவின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க வழியில்லை.

வீட்டிலிருந்தே ஓட்டுப் போடுவதைப் பற்றி ஆளுக்கொரு தகவல் சொல்கிறார்கள். கர்நாடகத்தில் 2023 சட்டமன்றத் தேர்தலில் இது வந்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் கேட்கலாம், இதற்குச் சான்றிதழ் வேண்டும். பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் தானாக வீடு தேடி வருவார்கள் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12-டி தர வேண்டும், ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக. தந்து ஏற்கப்பட்டவர் பிறகு மனம் மாறி வாக்குச்சாவடிக்குப் போனால் அங்கே ஓட்டுப் போட முடியாது.

கடைசியாக, முகாமில் உற்சாகத்தில் கொடுக்கும் வாக்குறுதி. பார்வையற்ற ஐந்து பேரிடம் "நானே உள்ள கூட்டிட்டுப் போய் போட வைக்கிறேன்" என்று ஒரே ஆள் சொல்லிவிடுகிறார். ஆட்டோவில் ஐவரையும் அழைத்துப் போகலாம். வாக்களிக்கும் மறைவிடத்துக்குள் துணையாகப் போவது ஒரு நாளில் ஒருவருக்கு மட்டுமே, துணைக்கு வருபவருக்குப் பதினெட்டு வயதாவது இருக்க வேண்டும். இயந்திரத்தில் பிரெயில் எண்கள் இருப்பதால், துணையே வேண்டாம் என்பவர்களும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் நோட்டில் இப்போது ஒரு பெயருக்கு எதிரே ஒரு பெயர்தான் எழுதுகிறோம், ஆள் பிடிக்கத்தான் நாக்குத் தள்ளுகிறது.