இருட்டுக்குக் கருநீலம் போதாது

கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்தில் வீடு. டேப்லெட்டில் காமிக்ஸ் பக்கங்களுக்கு வண்ணம் பூசுவதுதான் வேலை. என் முதல் கதை ஒரு மாந்தோப்புத் திருட்டு. இரவுக் காட்சிதானே என்று கட்டம் முழுக்கக் கருநீலம் அடித்தேன். அச்சில் திருடனும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. திரையில் பளிச்சிடும் நீலம் தாளில் செத்துவிடும்.

இப்போதெல்லாம் முதலில் பக்கத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பார்ப்பேன். ஆள் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிந்தால்தான் மேற்கொண்டு வேலை.

அப்புறம் பக்கத்துக்கு ஒரு நிறத்தை ஆளவிடுங்கள். அதே தோப்பில் வெளிர் மஞ்சளும் இளம்பச்சையும் பூசினால் காலை நேரம், தாத்தா காய் பறிக்கிறார். வானத்தை அழுக்கு ஆரஞ்சாக்கி இலைகளில் சாம்பலைக் கலந்தால், ஒரு கோடுகூட மாறாமலே வாசகருக்கு வயிறு கலங்கும்.

சிவப்பில் கஞ்சத்தனம் வேண்டும். ஐந்து பக்கம் அதைத் தொடாமல் இருந்து, ஆறாவதில் திருடனின் துண்டுக்கு மட்டும் கொடுத்தேன்; கண் நேராக அங்கேதான் போனது. ஆனால் சிவப்பு என்றாலே ஆபத்து இல்லை. நம்மூரில் குங்குமமும் சிவப்புதான். பக்கத்தில் மஞ்சள் இருந்தால் மங்களம், கறுப்பு இருந்தால் ரத்தம்.

1962-இல் மார்வெல் காமிக்ஸ் நாயகன் ஹல்க் தன் முதல் இதழில் சாம்பல் நிறத்தில்தான் வந்தார். அச்சில் அந்தச் சாம்பல் சீராக விழவில்லை என்று இரண்டாம் இதழிலேயே பச்சையாக்கிவிட்டார்கள்! நீங்களும் ஒரு பக்கத்தையாவது தாளில் எடுத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் வேண்டாம், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில்.