நாலு த்ரெட் போட்டும் வேகம் கூடவில்லையா? பை கணக்கு லேபில் பார்க்க வேண்டியவை

ஒரு வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் பல கோர்களில் ஓட்டக் கற்றுத்தரும் பேரலல் புரோகிராமிங் பாடத்தில் பல இடங்களில் முதலில் தரும் லேப் கணக்கு, பை மதிப்பைக் கண்டுபிடிப்பது. 4/(1+எக்ஸ்²) என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிட்டால் பை வரும். அந்த இடைவெளியை 10 கோடி துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் நடுப்புள்ளியிலும் உயரத்தைக் கணக்கிட்டுக் கூட்டி, கடைசியில் துண்டின் அகலத்தால் பெருக்க வேண்டும். சி மொழியில் பத்துப் பதினைந்து வரிதான். ஆனால் இதை ஓப்பன்எம்பி என்ற வசதியைக் கொண்டு பல த்ரெட்டுகளுக்கு (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டங்கள்) பிரித்துக் கொடுப்பதற்குள் பாடத்தின் முக்கால்வாசிச் சிக்கல்கள் தலைகாட்டிவிடும்.

முதலில் ஒற்றை த்ரெட் நிரலை எழுதி, ஜிசிசி கம்பைலரில் -ஓ2 (நிரலை வேகமாக்கச் சொல்லும் கொடி) கொடுத்து கம்பைல் செய்து, விடையையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பிறகு வரும் எல்லா ஒப்பீடும் இதோடுதான். பேரலல் நிரலையே ஒரு த்ரெட்டில் ஓட்டி அதை அடிப்படையாக வைத்தால், த்ரெட் நிர்வாகச் செலவும் அதில் சேர்ந்து, வேகம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

நேரத்தை கிளாக்() கொண்டு அளக்காதீர்கள். லினக்ஸில் அது எல்லா த்ரெட்டுகளும் செலவழித்த சிபியு நேரத்தைக் கூட்டிச் சொல்கிறது. 4 த்ரெட் தலா அரை நொடி ஓடினால் 2 நொடி என்று காட்டும். நிரல் நன்றாகவே ஓடியிருக்க, வேகம் கூடவே இல்லை என்று நினைத்துக் குழம்புவீர்கள். ஓஎம்பி_கெட்_டபிள்யூடைம்() சுவர்க்கடிகார நேரத்தைத் தரும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு, ஐந்து முறை ஓட்டி நடு மதிப்பை எடுங்கள்.

அடுத்து, லூப்புக்கு மேலே பேரலல் ஃபார் பிராக்மாவை, அதாவது லூப்பைத் த்ரெட்டுகளுக்குப் பிரிக்கச் சொல்லும் குறிப்பு வரியைச் சேர்த்து, -எஃப்ஓப்பன்எம்பி கொடியுடன் கம்பைல் செய்யுங்கள். கொடியை மறந்தால் கம்பைலர் பிராக்மாவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்; வழக்கமான கம்பைலில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, நிரல் ஒரே த்ரெட்டில் சமர்த்தாக ஓடும். எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் -வால் கொடியைச் சேர்த்திருந்தால் எச்சரிக்கையாவது வரும்.

இப்போது விடை பெரும்பாலும் தப்பாக வரும், ஓட்டும்போதெல்லாம் மாறவும் செய்யும். கூட்டுத்தொகை வேரியபிளை எல்லா த்ரெட்டும் ஒரே நேரத்தில் படித்துக் கூட்டி எழுதுவதால், ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்துவிடுகிறது. இதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். எக்ஸ் வேரியபிளை லூப்புக்கு வெளியே அறிவித்திருந்தால் அதுவும் எல்லா த்ரெட்டுக்கும் பொதுவாகிவிடும் என்பதுதான் பலர் கண்ணில் படாமல் போகிறது. எக்ஸை லூப்புக்குள்ளேயே அறிவியுங்கள்.

கூட்டும் வரியை, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் கிரிட்டிகலுக்குள் போட்டால் விடை சரியாகிவிடும். ஆனால் 10 கோடி முறை பூட்டித் திறப்பதால் ஒற்றை த்ரெட்டைவிட மெதுவாக ஓடும். அப்படியானால் த்ரெட்டுக்கு ஓர் இடம் என்று ஒரு அரே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். விடை சரி, பூட்டும் இல்லை, ஆனாலும் வேகம் எதிர்பார்த்த அளவு வராது. காரணம் கேஷ் லைன், அதாவது பிராசஸர் நினைவகத்திலிருந்து தன் கேஷுக்கு ஒரே மூச்சில் எடுத்துவரும் துண்டு. வழக்கமான இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் ஒரு கேஷ் லைன் 64 பைட். ஒரு டபுள் (சி மொழியின் தசம எண் வகை) 8 பைட் என்பதால் அடுத்தடுத்த எட்டு டபுள்கள் ஒரே லைனில் உட்காரும். ஒரு கோர் தன் இடத்தில் எழுதினாலே மற்ற கோர்களில் அந்த லைன் முழுவதும் செல்லாததாகிறது. யாரும் யாருடைய எண்ணையும் தொடவில்லை, ஆனால் லைன் மட்டும் கோர்களுக்கிடையே பந்தாடப்படுகிறது. இதுதான் ஃபால்ஸ் ஷேரிங். -ஓ2 கொடுத்தால் கம்பைலர் கூட்டலைக் கோருக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டரில் வைத்து இதை மறைத்துவிடக்கூடும்; கண்ணால் பார்க்க, வேகமாக்கலை நிறுத்தும் -ஓ0 கொடுத்து ஓட்டுங்கள். அரேயில் ஒவ்வொரு இடத்துக்கும் பிறகு ஏழு இடம் காலியாக விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சமர்ப்பிக்கும் நிரலில் ரிடக்‌ஷன் போதும். ஒவ்வொரு த்ரெட்டும் தன் தனிப் பிரதியில் கூட்டி, முடிவில் ஒருமுறை மட்டும் சேர்க்கும். கடைசி இலக்கங்கள் ஒற்றை த்ரெட் விடையோடு பொருந்தாமல் போகலாம். டபுள்களைக் கூட்டும் வரிசை மாறினால் ரவுண்டிங்கும் மாறும், அது பிழை அல்ல. அதனால் விடைகளை சம எண்களா என்று சோதிக்காமல், வித்தியாசம் 10⁻⁹-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

த்ரெட் எண்ணிக்கையை 1, 2, 4, 8 என்று ஏற்றி வரைபடம் போடுங்கள். கோடு நடுவில் படுத்தால் எல்எஸ்சிபியு கட்டளையில் உண்மையான கோர் எத்தனை என்று பாருங்கள். 8 சிபியு என்று காட்டும் கணினியில் 4 கோர் மட்டும் இருக்கலாம். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன வரம்பும் உண்டு: நிரலில் 5% பிரிக்க முடியாத வேலை என்றால் 8 கோரில் 5.9 மடங்குதான் கிடைக்கும், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது.

இதே கணக்கை எம்பிஐக்கு (தனித்தனி நினைவகம் கொண்ட பிராசஸ்கள் செய்தி அனுப்பிப் பேசும் முறை) மாற்றும்போது பூட்டுத் தொல்லை போய், வேறு தொல்லை வரும். எல்லோருடைய தொகையையும் சேர்க்கும் ரெட்யூஸின் விடை, நீங்கள் ரூட் என்று குறித்த பிராசஸில் மட்டுமே இருக்கும். மற்றவை அச்சிடுவது குப்பை. எல்லா பிராசஸும் "நான் 0, மொத்தம் 1" என்று சொன்னால், ஒரு எம்பிஐயில் கம்பைல் செய்து இன்னொன்றின் எம்பிஐரன்னில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். அடுத்த லேபில் வளையமாகத் தரவு பரிமாறும்போது எல்லோரும் முதலில் செண்ட், பிறகு ரிசீவ் என்று எழுதினால், சிறிய செய்திகள் உள் பஃபரில் தங்கிப் பிழைத்துவிடும்; அளவு கூடியதும் ஒவ்வொருவரும் அடுத்தவர் வாங்கக் காத்திருந்து நிரல் தொங்கும். அனுப்புவதையும் வாங்குவதையும் ஒன்றாகச் செய்யும் செண்ட்ரிசீவ் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே எழுதிய நிரலில் இந்த ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க, எல்லா செண்டையும் தற்காலிகமாக எஸ்செண்டாக மாற்றி ஓட்டுங்கள். அது எதிர்ப்பக்கம் வாங்கத் தொடங்கும்வரை நகராது என்பதால், ஒளிந்திருக்கும் டெட்லாக் (ஒருவருக்கொருவர் காத்திருந்து தொங்குவது) நாலு பைட் செய்தியிலேயே வெளியே வந்துவிடும்.