இருப்பிடம் பகிரும் செயலியை மதுரை மாசி வீதியில் வைத்துச் சோதிப்பது எப்படி?

அறைக்குள் உட்கார்ந்து சோதித்தால் இந்த வகைச் செயலியின் பாதிப் பிழைகள் கண்ணில் படாது. முதல் சுற்றுக்கு 5 பேர் போதும். ஆனால் ஐவரும் கல்லூரி மாணவர்களாக இருக்கக் கூடாது. ஓர் ஆட்டோ ஓட்டுநரும், வாசிக்கக் கண்ணாடி தேடும் பெரியவர் ஒருவரும் கட்டாயம் வேண்டும்.

வேலையைச் சொல்லுங்கள், பட்டனைச் சொல்லாதீர்கள். "மாட்டுத்தாவணியில் இறங்கிட்டீங்க. தம்பி கூப்பிட வர்றாரு. நீங்க நிக்கிற இடம் அவருக்கு அரை மணி நேரம் மட்டும் தெரியணும்." அப்புறம் வாய் திறக்காமல், விரல் தயங்கிய இடத்தையும் தவறான தட்டல்களையும் குறியுங்கள்.

அடுத்து, பகிர்வை நிறுத்தச் சொல்லுங்கள். சிலர் செயலியை மூடினாலே நின்றுவிட்டதாக நம்புவார்கள். பின்னணியில் அது ஓடிக்கொண்டிருக்கும். "இப்ப உங்களை யார் யார் பார்க்க முடியும்?" என்று கேளுங்கள். பதில் தவறினால் அந்தத் திரையைத் திருத்தாமல் வெளியிடவே கூடாது. ஒருவரின் பாதுகாப்பு இதில் இருக்கிறது.

மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் தெறிப்பதால் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும். துல்லியம் குறைந்ததைத் திரை சொல்கிறதா? உச்சி வெயிலில் எழுத்து தெரிகிறதா? மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. அணைத்து ஒப்படைத்த போனின் பழைய புள்ளியை, நேரம் குறிப்பிடாமல் நேரலை போலக் காட்டினால் வெளியே காத்திருப்பவர் ஏமாறுவார்.

முடிவில், செயலி பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் எஸ்யூஎஸ் (System Usability Scale) வினாத்தாளின் 10 கேள்விகளைத் தமிழில் கேட்கலாம். 100-க்கு 68 என்பது சராசரி மதிப்பெண். 5 பேரை வைத்து அதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.