பூண்டு போட்டேன், சரியாப்போச்சு: கடல்மீன் தொட்டிக்கு யார் பேச்சைக் கேட்பது?

ப்ளூ டேங் என்ற நீலக் கடல்மீனின் உடம்பில் உப்புத் தூவினாற்போல் வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். தீனியில் பூண்டுச்சாறு கலக்கச் சொல்வார் ஒருவர். தண்ணீர்ச் சூட்டைக் கூட்டச் சொல்வார் இன்னொருவர். தொட்டியிலேயே காப்பர் மருந்தை ஊற்று என்பார் மூன்றாமவர். சும்மா விடு தம்பி, தானாப் போயிரும் என்பார் நாலாமவர். நாலு பேருமே தாங்கள் செய்து பார்த்துச் சரியானதாகத்தான் சொல்வார்கள். நாலு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

அந்தப் புள்ளி கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி. மீனின் மேல் அது இருப்பது 3 முதல் 7 நாள்தான். தின்று கொழுத்ததும் தானாகவே உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகி, சில நாளிலோ பல வாரம் கழித்தோ வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். ஆக, புள்ளியைப் பார்த்த அன்று எதைப் போட்டாலும் அடுத்த வாரம் புள்ளி இருக்காது. பூண்டு போட்டவருக்குப் பூண்டு பலித்தது, சும்மா இருந்தவருக்குச் சும்மா இருந்ததே பலித்தது. பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும்போது அதைப் புது நோய் என்று நினைத்துக்கொள்வார்கள். மதுரை சிம்மக்கல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சளிக்கு இன்ன மாத்திரைதான் கேட்கிறது என்று ஆளுக்கொரு பெயர் சொல்வதைத் தினமும் கல்லாவில் உட்கார்ந்து கேட்கிறவன், அதனால் இந்தக் கதை எனக்குப் புதிதில்லை.

எனவே யார் எந்த வைத்தியம் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது: அதைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூண்டு இந்தக் கேள்வியைத் தாண்டாது. சூட்டைக் கூட்டுவது நன்னீர் மீனுக்கான வைத்தியம், இங்கே அது செல்லாது. காப்பர் உண்மையான மருந்துதான். ஆனால் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும், பாறையும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் மீன்கள் எல்லாவற்றையும் தனித் தொட்டிக்கு மாற்றி, டெஸ்ட் கிட்டால் அளந்து அளந்து காப்பர் கொடுங்கள். பெரிய தொட்டியை மீனே இல்லாமல் இரண்டரை மாதம் போல விட்டுவிடுங்கள், மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி செத்துப்போகும். இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் 76 நாள் என்று கணக்கு வைத்திருப்பார்கள். அலுப்பான வேலைதான்.

அடுத்து, சொல்கிறவரின் தண்ணீர் எது என்று கேளுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் போதும் என்பார். அவரிடம் இருப்பது அக்வேரியத்துக்கென்றே செய்த, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினைக் கடைசியில் வைத்த யூனிட்டாக இருக்கும். நம் சமையலறை ஆர்.ஓ.வில் குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடுவது உண்டு. மதுரை போர் தண்ணீரை அப்படிக் கலந்தால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுக் குழாயில் படிந்திருக்கும் வெள்ளைக் கறையே சொல்லும். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். கேன் தண்ணீருக்கும் இதே சோதனைதான்.

ஊரும் பருவமும் அப்படித்தான். குளிர்நாட்டுக்காரர் எந்த ஹீட்டர் நல்லது என்று பக்கம் பக்கமாகச் சொல்வார். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் நமக்குத் தேவை தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், இல்லையென்றால் தண்ணீர் மேல் காற்று படும்படி ஒரு ஃபேன். ஃபேன் ஓரிரண்டு டிகிரி குறைக்கும், ஐப்பசி மழை ஈரத்தில் அவ்வளவு வேலை செய்யாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதனால் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள்.

ராமேஸ்வரத்தில் பாறையும் பவளமும் எடுத்துத் தருகிறேன், இதுவரை யாரும் பிடித்ததில்லை என்று ஒருவர் வருவார். பிடிபட்டவர் உங்களிடம் வந்து சொல்லப்போவதில்லை. கல்பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, கையே வைக்காதீர்கள். உலர்பாறை வாங்கிப் போட்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் தண்ணீரில் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை மீன் விடாமல் காத்திருங்கள்.

தொட்டி வளர்ப்பில் தோற்று, எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போனவரைத் தேடிப் பிடித்தால் விடாதீர்கள், டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். தொட்டி ஓடிக்கொண்டிருக்கும் பத்து பேரிடம் கிடைக்காத விவரம் அவரிடம் இருக்கும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். லைட்டையும் தீனியையும் ஒரே வாரத்தில் மாற்றினால் பவளம் ஏன் சுருங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. கரண்ட் போகும் நாளில் மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். தண்ணீரை ஓடவைக்கும் அலைமோட்டாரை இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு, லைட்டை அணைத்து, அன்றைக்குத் தீனியை நிறுத்திவிடுங்கள்.